இந்த நோயாளியால் இன்று என்ன முடியும்? வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஓரெம் கோட்பாடு

நர்சிங் முதல் வருடத்தில் ஓரெம் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். எட்டுத் தேவைகள், மூன்று அமைப்புகள், ஐந்து உதவி முறைகள் என்று மனப்பாடம் செய்து, படம் வரைந்து, மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அப்புறம் வார்டுக்குள் வந்து ஊசி நேரம், ரவுண்ட்ஸ், டிரிப்ஸ் மாற்றுவது, ரிப்போர்ட் வாங்கி ஒட்டுவது என்று ஓடத் தொடங்கியதும் அந்தப் படம் மனதை விட்டே போயிருக்கும்.

எனக்கும் அப்படித்தான் போயிற்று. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வார்டுகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். ஒரு நெல் விவசாயி டிஸ்சார்ஜ் ஆகி மூன்றே வாரத்தில் திரும்பி வந்த அன்றுதான் இந்தக் கோட்பாடு எனக்குச் சரியாக உறைத்தது. அவரைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். புதிதாக டியூட்டியில் சேர்ந்தவர்களும், வீட்டில் படுத்திருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களும் இதை எப்படிப் படிப்படியாகக் கையாளலாம் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கோட்பாடு சொல்வது என்ன

டொரதியா ஓரெம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1914-இல் பிறந்தவர். ஆபரேஷன் தியேட்டர், குழந்தைகள் வார்டு, மெடிக்கல், சர்ஜிக்கல் என்று எல்லா இடத்திலும் கைப்பட வேலை செய்த நர்ஸ். 1950-களின் கடைசியில் அமெரிக்க அரசின் கல்வி அலுவலகத்தில் நர்சிங் பயிற்சிக்கான பாடத்திட்டம் தயாரிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்போது அவரைக் குடைந்த கேள்வி ரொம்ப எளிமையானது: ஒருவருக்கு நர்ஸ் வேண்டும் என்று எந்த நிலையில் சொல்கிறோம்? நோய் வந்தவர் எல்லாருக்கும் டாக்டர் வேண்டும், சரி. நர்ஸ் எதற்கு?

அவர் கண்ட பதில் இது. ஒவ்வொரு மனிதரும் உயிரோடும் நலமாகவும் இருக்கத் தினமும் தனக்காகச் சில வேலைகளைச் செய்துகொள்கிறார். பல் விளக்குவது, குளிப்பது, சாப்பிடுவது, மாத்திரை போடுவது, காலில் முள் குத்தினால் எடுப்பது எல்லாம் அதில் சேரும். இதுதான் சுயபராமரிப்பு. உடல்நிலை மாறும்போது இந்த வேலைகள் கூடும், செய்யும் திறன் குறையும். தேவை ஒரு தட்டில், திறன் இன்னொரு தட்டில். தேவையின் தட்டு தாழ்ந்தால் அந்த இடைவெளிதான் குறைபாடு. பரீட்சைத்தாளில் செல்ஃப் கேர் டெஃபிசிட் என்று எழுதுகிறோமே, அது. அந்த இடைவெளி அளவுக்கு நர்ஸ் வேண்டும். 1971-இல் வந்த 'நர்சிங்: கான்செப்ட்ஸ் ஆஃப் பிராக்டிஸ்' என்ற புத்தகத்தில் இதை முழுக் கோட்பாடாக எழுதினார். அடுத்தடுத்த பதிப்புகளில் அதைத் திருத்திக்கொண்டே வந்தார். 2007-இல் இறந்தார்.

இடைவெளி அளவுக்கு என்று சொன்னேன் அல்லவா, அந்த 'அளவுக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் நோயாளி என்றாலே 'பாவம், முடியாதவங்க' என்று எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவோம். மகள் ஊட்டுவார், மருமகள் தலை வாருவார், பேரன் செருப்பு மாட்டிவிடுவான். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து நாள் ஊட்டப்பட்ட கை பதினோராவது நாள் ஸ்பூனைத் தேடாது.

முதல் படி: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒருவரின் தேவையையும் திறனையும் மாற்றும் காரணிகள் என்று ஓரெம் பத்தைச் சொல்கிறார்: வயது, பாலினம், வளர்ச்சி நிலை, உடல்நிலை, சமூகப் பண்பாடு, கிடைக்கும் மருத்துவ வசதி, குடும்பம், வாழும் முறை, சுற்றுப்புறம், கையிலுள்ள வளம். அட்மிஷன் ஃபார்மில் இதற்கெல்லாம் கட்டம் இருக்கும். கட்டத்தை நிரப்பினால் ஆள் தெரியமாட்டார். கட்டிலோரம் ஐந்து நிமிடம் நின்று பேச வேண்டும்.

டெல்டாவில் நான் தவறாமல் கேட்பவை சில. வயல் சொந்தமா, குத்தகையா, கூலி வேலையா? இப்போது எந்தப் போகம், நடவா அறுவடையா? மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவைக்கு ஊரே வயலில் இறங்கிவிடும். நடவு நாளில் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வயலுக்குச் செருப்போடு போவீர்களா, கழற்றிவிட்டா? கக்கூஸ் வீட்டுக்குள்ளா, கொல்லையிலா, அங்கே பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? வீட்டில் பிரிட்ஜ் உண்டா? சமைப்பது யார், அவர் இங்கே வந்திருக்கிறாரா? அமாவாசை, புரட்டாசி சனிக்கிழமை விரதம் உண்டா? நாகூர் பக்கத்துக்காரர் என்றால் ரம்ஜான் நோன்பு பற்றி மாதம் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

படிக்கத் தெரியுமா என்று நேராகக் கேட்டால் பலருக்குக் கூச்சமாக இருக்கும். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, "இதுல காலை மாத்திரை எது, எடுத்துக் காட்டுங்கய்யா" என்று சொல்லுங்கள். அட்டையின் நிறத்தை வைத்து எடுக்கிறாரா, எழுத்தைப் பார்த்து எடுக்கிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும். நிறத்தை வைத்து எடுப்பவருக்கு மருந்துக் கம்பெனி மாறினால் மாத்திரையே மாறிப்போகும். அதை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தேவைகளைப் பட்டியலிடுங்கள்

எல்லா மனிதருக்கும் பொதுவான எட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். காற்று, தண்ணீர், உணவு, மலஜலம் கழித்தல், உழைப்புக்கும் ஓய்வுக்குமான சமநிலை, தனிமைக்கும் மனிதர்களோடு இருப்பதற்குமான சமநிலை, ஆபத்திலிருந்து காப்பு, மற்றவர்களைப் போல இயல்பாக வாழ்தல். மூச்சையும் சாப்பாட்டையும் யாரும் மறக்கமாட்டார்கள். தவறவிடுவது மற்றவற்றைத்தான்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். சிறுநீர்த் தொற்றோடு வரும் நடவுப் பெண்களிடம் 'நிறையத் தண்ணி குடிங்கம்மா' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். விடியற்காலையிலிருந்து வயலில் நிற்கிறார். வரப்பில் மறைவு கிடையாது. ஒதுங்க இடமில்லை என்பதால்தான் அவர் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார். தண்ணீர் என்ற தேவை ஒதுங்குமிடம் என்ற தேவையோடு கட்டப்பட்டிருக்கிறது. அவரோடு உட்கார்ந்து எத்தனை மணிக்கு எங்கே ஒதுங்க முடியும், வயலுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீடு இருக்கிறதா என்று பேசி முடிவு செய்தால்தான் அந்த அறிவுரை வேலை செய்யும்.

தனிமையும் அப்படித்தான். நம் வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நிற்பார்கள். உடைமாற்றும்போது, பெட்பேன் வைக்கும்போது திரையை இழுத்துவிடுவது ஓரெமின் எட்டில் ஒன்று, உங்கள் நல்ல மனதைப் பொறுத்த விஷயமாக அதை விட்டுவிடாதீர்கள்.

எட்டுக்கு மேல் இரண்டு வகை உண்டு. வயதையும் பருவத்தையும் சார்ந்த தேவைகள் ஒன்று: கர்ப்பிணி, கைக்குழந்தை, கணவரை இழந்த முதியவர். நோயால் வந்து சேரும் தேவைகள் மற்றொன்று: மருந்து எடுப்பது, அதன் பக்கவிளைவைக் கவனிப்பது, மாறிப்போன உடம்போடு வாழப் பழகுவது. இந்தக் கடைசியை டாக்டர் எழுதமாட்டார். நாம்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் படி: திறனைக் கண்ணால் பாருங்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. "தெரியுமா?" என்று கேட்கிறோம். "தெரியும் சிஸ்டர்" என்று வருகிறது. கேஸ் ஷீட்டில் 'விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்' என்று எழுதி டிக் போடுகிறோம். வெள்ளைக் கோட்டுக்கு மரியாதை கொடுத்துச் சொல்லப்படும் 'சரிங்கம்மா' நம் ஊரில் எதற்கும் வரும்.

திறனில் மூன்று பகுதி இருக்கிறது. தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று புரிந்துகொள்வது, என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது, அதைச் செய்து முடிப்பது. மூன்றும் தனித்தனியாக உடையக்கூடியவை. கை நடுக்கம் உள்ளவருக்குப் புரிந்திருக்கும், ஊசியைப் பிடிக்க முடியாது. கை திடமான இளைஞனுக்கு ஊசி போடத் தெரியும், போட வேண்டும் என்ற முடிவுக்கு மனம் வந்திருக்காது. இருவருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் இருவருக்கும் பயன்படாது. அதனால் கேட்பதோடு விடாமல், "செஞ்சு காட்டுங்க, நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இடையில் புகாமல் நிற்பதுதான் கஷ்டம்.

நான்காம் படி: யார் எதைச் செய்வது என்று பிரியுங்கள்

முழுக்க நர்ஸ் செய்வது, பாதிப்பாதி பகிர்வது, நோயாளியே செய்ய நாம் சொல்லித்தந்து துணை நிற்பது. ஓரெமின் மூன்று அமைப்புகள் இவைதான். ஒரு நோயாளிக்கு ஒரே அமைப்புதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே நாளில் சாப்பாட்டுக்கு ஒன்று, குளிப்பதற்கு வேறொன்று இருக்கலாம்.

பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துபோய்க் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முதல் மூன்று நாள் முழுக்க நாங்கள்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, வாய் துடைப்பது, சிறுநீர் போகும் குழாயை (கத்தீட்டர்) கவனிப்பது, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் கஞ்சி. நான்காம் நாள் நினைவு தெளிந்தது. விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து, நேராக உட்கார வைத்து வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து பகிர்வு தொடங்கியிருக்க வேண்டும்.

தொடங்கவில்லை. இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தால் வாங்கவே மாட்டேன் என்கிறார். தட்டைத் தள்ளிவிடுகிறார். பயிற்சிக்கு வந்த பிள்ளை 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டாள். மாலையில் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்கய்யா, பசிக்கலையா?" என்று கேட்டேன். குழறிய பேச்சில் அவர் சொன்னது புரியச் சற்று நேரமாயிற்று. "கால் கழுவுற கையில எப்படிம்மா சோறு திங்கிறது?"

எழுபது வருடம் வலது கையால் சாப்பிட்ட மனிதர். இடது கை எதற்கு என்று சின்ன வயதில் அவருக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இனி அந்த ஒரே கைதான் இரண்டுக்கும். ஓரெமின் பத்துக் காரணிகளில் சமூகப் பண்பாடு என்று ஒன்று இருக்கிறதே, அது அன்று தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. கைத்திறனை நாங்கள் அளந்தோம், கூச்சத்தை அளக்கவில்லை.

அப்புறம் செய்ததைச் சொல்கிறேன். ஸ்பூன் என்றால் கை சோற்றில் படாது, அதைப் பொறுமையாகப் பேசினோம். அவர் கண்ணெதிரே சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவிவிட்டோம். சாப்பாட்டு நேரத்தில் திரையை இழுத்துவிட்டு, மருமகளைக்கூட வெளியே நிற்கச் சொன்னோம். விளிம்பு உயர்ந்த தட்டு, அது நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. குழைந்த சோறு, கெட்டியான பருப்பு. முதல் நாள் நாலு வாய் அவரே சாப்பிட்டார், மீதியை நான் ஊட்டினேன். ஒரு வாரத்தில் நாலு வாய் முக்கால் தட்டானது. செய்துகொடுப்பது, வழிகாட்டுவது, தாங்கிப் பிடிப்பது, கற்றுக்கொடுப்பது, சூழலை அமைத்துக்கொடுப்பது என்று ஓரெம் சொல்லும் ஐந்து உதவி முறைகளும் ஒரு தட்டுச் சோற்றுக்குள் அடங்கிவிட்டன.

சட்டை மாட்டுவதையும் இப்படியே பிரிக்கலாம். போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் பலரால் பாதியைத் தாமே செய்ய முடியும். வேட்டி கட்ட ஒரு கை போதாது. எலாஸ்டிக் வைத்துத் தைத்த லுங்கி போதும். ஊரில் எந்தத் தையல்காரரும் அரை மணியில் தைத்துக் கொடுத்துவிடுவார்.

ஐந்தாம் படி: அடுத்த ஷிப்டுக்குப் புரியும்படி எழுதுங்கள்

கேர் பிளானில் 'சுயபராமரிப்புக் குறைபாடு, பக்கவாதம் காரணமாக' என்ற ஒற்றை வரி இரவு டியூட்டிக்காரருக்கு எதையும் சொல்லாது. அந்தப் பெரியவருக்கு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

உணவு. முடிவது: முதுகுக்குச் சாய்மானம் வைத்தால் இருபது நிமிடம் உட்காருகிறார், இடது கையால் ஸ்பூன் பிடிக்கிறார். முடியாதது: சோறு பிசைவது, தட்டைப் பிடிப்பது. நர்ஸ்: கை கழுவிவிட்டுத் திரை இழுக்க வேண்டும், முதல் பத்து வாய் அவரே, இருமல் வந்தால் நிறுத்த வேண்டும், சாப்பிட்டபின் அரை மணி உட்கார்ந்தே இருக்க வேண்டும். மருமகள்: சோறு பிசைந்து வைப்பார், கேட்டால் மட்டும் ஊட்டுவார். வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்.

முடிவதை முதலில் எழுதுங்கள். முடியாததை மட்டும் எழுதினால் படிக்கிறவர் எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்கிவிடுவார். நாளைக் குறிப்பிடுவதும் முக்கியம். இல்லாவிட்டால் முதல் நாள் எழுதியது டிஸ்சார்ஜ் வரைக்கும் அப்படியே கிடக்கும்.

பார்த்துக்கொள்பவரைப் பார்க்க மறக்காதீர்கள்

தன்னால் முடியாதவருக்காக இன்னொருவர் செய்யும் பராமரிப்புக்கும் ஓரெமிடம் இடம் உண்டு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழும். மருமகளுக்கும் கற்றுக்கொள்ளும் திறன் இருக்கிறதா, முதுகுவலி இருக்கிறதா, கைக்குழந்தை இருக்கிறதா, நூறு நாள் வேலைக்குப் போகிறாரா என்று பாருங்கள். கற்றுக்கொடுக்கும்போது வீட்டு ஆண்களையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். இரவில் புரட்டிப் படுக்க வைக்க மகனால் முடியும்.

சுயபராமரிப்பு என்ற பெயரைத் தப்பாகப் பயன்படுத்துவதையும் பார்த்திருக்கிறேன், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் ஆள் பற்றாக்குறை. 'குடும்பத்தை ஈடுபடுத்துகிறோம்' என்று சொல்லி, டியூப் வழியாகக் கஞ்சி ஊற்றுவதைக்கூட நோயாளிக்குத் துணையாக வந்த உறவினரிடம் விட்டுவிட்டார்கள். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. படுத்த நிலையிலேயே ஊற்றிவிட்டார். நுரையீரலுக்குள் போய்விட்டது. கற்றுக்கொடுத்து, செய்யவிட்டுப் பார்த்து, தப்பு நடந்தால் திருத்தப் பக்கத்தில் இருந்தால்தான் அது பகிர்வு. ஒப்படைத்துவிட்டு நகர்ந்தால் அது கைகழுவுதல். வேலைப்பளு எனக்குத் தெரியும். அப்படியும் டியூப், ஆக்சிஜன், ரத்தம் ஏற்றுவது ஆகிய மூன்றிலும் நான் விட்டுக்கொடுத்ததில்லை, நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கற்றுக்கொடுத்துத் துணை நிற்பது: ஒரு கால், ஒரு வாளித் தண்ணீர்

மூன்றாவது அமைப்பைப் பார்த்துப் பழக யானைக்கால் நோயாளியைவிட நல்ல பாடம் டெல்டாவில் கிடையாது. கும்பகோணம் பக்கத்தில் தலைமுறைகளாக அறிந்த நோய். வீங்கிய கால் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது. ஆனால் அடிக்கடி வரும் காய்ச்சல், சிவப்பு, வலி பெரும்பாலும் விரலிடுக்குப் புண் வழியாகக் கிருமி புகுவதால் வருவது. அதைத் தடுக்க முடியும், தடுக்கும் வேலை முழுக்க நோயாளியின் கையில் இருக்கிறது.

சுத்தமான சாதாரணத் தண்ணீர், சோப்பு, மெல்லிய துணி. மேலிருந்து கீழாக, தோல் மடிப்புகளிலும் விரலிடுக்கிலும் தேய்க்காமல் கழுவ வேண்டும். ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும், இடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது. வெடிப்போ சேற்றுப்புண்ணோ இருந்தால் டாக்டர் தந்த களிம்பு. உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. காய்ச்சலும் வலியும் வந்த நாளில் அசைவுப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஈரத்துணி சுற்றி ஓய்வெடுத்து, தாமதிக்காமல் வர வேண்டும். அவ்வளவுதான். இதை ஒரு முறை நீங்கள் கழுவிக் காட்டுங்கள், மறுநாள் அவர் கழுவட்டும். குனிய முடியவில்லை என்றால் உயரமான முக்காலி. விரலிடுக்கை எட்டவில்லை என்றால் துணியை நாடாபோல் சுருட்டி இடுக்கில் விட்டு இழுக்கலாம்.

கடைசிப் படி: டிஸ்சார்ஜுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள்

இனி அந்த விவசாயி. மன்னார்குடி பக்கம். பல வருடச் சுகர், காலில் புண், முதல் முறையாக இன்சுலின். வார்டில் இருந்தபோது அவருக்கு நான் நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்தேன். கலங்கலான மருந்தை உள்ளங்கையில் மெதுவாக உருட்டுவது, குலுக்கக்கூடாது, வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போடுவது, திறந்த பாட்டிலில் தேதி எழுதி வைத்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் மாற்றுவது. பிரிட்ஜ் இல்லாத வீடு. ஈரமணல் போட்ட பெரிய பானைக்குள் சின்னப் பானை வைத்து, அதற்குள் டப்பாவில் பாட்டில். எல்லாம் சரியாகச் செய்தார். "இருபதாம் கோடு வரைக்கும் இழுங்கய்யா" என்றேன். இழுத்துக் காட்டினார்.

மூன்று வாரத்தில் புண் பெருத்துப்போய் வந்தார். சுகர் எகிறியிருந்தது. ஊசி போடவில்லையா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றார். நம்பாமல், பையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்சுகள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு வலிமையில் வருகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லியில் 100 யூனிட் இருப்பது, அதற்கு ஆரஞ்சு மூடி. நாங்கள் கொடுத்த சிவப்பு மூடி தீர்ந்ததும் ஊர்க் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார், கிடைத்தது ஆரஞ்சு. 40 யூனிட் பாட்டிலிலிருந்து அதில் இருபதாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அவர் நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். பாட்டில் மாறி இது தலைகீழாக நடந்திருந்தால் இருபதுக்குப் பதில் 50 யூனிட் போயிருக்கும், உயிருக்கே ஆபத்து.

நான் சொல்லிக்கொடுத்தது வார்டுக்குள் நடக்கும் சுயபராமரிப்பு. சிரிஞ்சு தீர்ந்துபோகும் நாளை, கடைக்குப் போகும் அந்த மனிதரை, நான் யோசிக்கவே இல்லை.

அதற்கப்புறம் டிஸ்சார்ஜ் போதனையை மூன்று நாளாகப் பிரித்துவிட்டேன். முதல் நாள் நான் செய்வேன், அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் அவர் செய்வார், நான் வாயால் வழிகாட்டுவேன். மூன்றாம் நாள் நான் பேசவே மாட்டேன். அன்று தப்பு ஏதும் நடக்காவிட்டால், வீட்டில் நடக்கக்கூடிய தப்புகளைக் கேள்வியாகக் கேட்பேன். ஊசி போட்டாச்சு, சாப்பாடு வர லேட்டாகிறது, வயலில் வியர்த்துக்கொட்டி நடுங்குகிறது, வெயில் என்று நினைப்பீர்களா? மடியில் சர்க்கரை இருக்கிறதா? மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி பொறுத்து மறுபடி பார்த்து, நடுக்கம் குறையாவிட்டால் இன்னொரு முறை குடித்து, அப்புறம் சாப்பிட வேண்டும். மயக்கமாகிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று கூட வந்தவரிடம் தனியாகச் சொல்வேன். போட்ட ஊசியை எங்கே போடுவீர்கள்? குப்பைமேட்டிலா? அங்கேதான் பேரன் வெறுங்காலோடு ஓடுவான், மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும். உள்ளங்காலை யார் பார்ப்பது? குனிய முடியாவிட்டால் கண்ணாடி, இல்லாவிட்டால் பேரப்பிள்ளை. மரத்துப்போன காலோடு சேற்றில் இறங்காமலிருப்பது நல்லது, மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு வீட்டுக்குள்ளும் வேண்டும்.

ஊரில் தொடர்ந்து பார்ப்பவர் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிராம சுகாதார நர்ஸ், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் என்று ஒருவர் இருப்பார். டிஸ்சார்ஜ் சீட்டில் 'இவருக்கு எது முடியும், எதைக் கவனிக்க வேண்டும்' என்று தமிழில் இரண்டு வரி எழுதினால் அவர்களுக்கு அது போதும்.

அந்த விவசாயி இரண்டாம் முறை வீட்டுக்குப் போகும்போது மூன்றாம் நாள் சோதனையில் நான் கேட்டேன், "சிரிஞ்சு தீந்துபோச்சு, என்ன பண்ணுவீங்க?" அவர் பதில் சொல்லவில்லை. பானைக்குள் வைக்கும் டப்பாவைத் திறந்து, இன்சுலின் பாட்டிலோடு போட்டு வைத்திருந்த ஒரு பழைய சிவப்பு மூடியை எடுத்துக் காட்டினார். "இத காட்டி, இதே மாதிரி இருந்தா குடு, இல்லன்னா வேணாம்னுட்டு உங்ககிட்டதான் வருவேன்."